மும்பையிலிருந்து வேளாஸ்: கடலாமைகள் முட்டையிடும் ஊருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மகாராஷ்டிரத்தின் ரத்னகிரி மாவட்டத்தில், மண்டண்கட் வட்டத்தில், சாவித்திரி ஆறு அரபிக்கடலில் கலக்கும் முகத்துவாரத்துக்குச் சற்றுத் தெற்கே வேளாஸ் என்ற சிற்றூர் இருக்கிறது. தென்னையும் கமுகும் அடர்ந்த தோப்புகளுக்கு நடுவே ஓட்டு வீடுகள், செம்புரைக்கல் மதில்கள், ஊரைத் தாண்டிச் சிறிது நடந்தால் கட்டடங்கள் இல்லாத நீண்ட மணற்கரை என்பதே அதன் தோற்றம். சாலைக் கணக்கில் மும்பையிலிருந்து ஏறத்தாழ 200 கிலோமீட்டர்தான். ஆனாலும் தாராவியிலும் செம்பூரிலும் மாட்டுங்காவிலும் இரண்டு மூன்று தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்களில் பல, லோணாவளாவுக்கும் அலிபாகுக்கும் மீண்டும் மீண்டும் போயிருக்குமே தவிர, இந்த ஊரின் பெயரைக் கூடக் கேட்டிருக்காது. நம் ஊர்ப் பக்கத்துக் கடற்கரைகளில் பங்குனி ஆமை என்று அழைக்கப்படும் கடலாமை, ஆண்டுதோறும் இங்கே கரையேறி முட்டையிடுகிறது. ஊர் மக்களே அந்த முட்டைகளைக் காத்து, குஞ்சுகளைக் கடலில் விடுகிறார்கள், வருகிறவர்களைத் தம் வீடுகளில் தங்கவைத்துச் சோறு போடுகிறார்கள். அந்தக் காட்சியைக் காண விரும்பும் குடும்பத்துக்குத் தேவையான எல்லாவற்றையும், புறப்படுவதிலிருந்து திரும்புவது வரை, வரிசையாகச் சொல்ல முயல்கிறேன்.

முதலில் மாதத்தை முடிவு செய்யுங்கள்

கொங்கணக் கரையில் இந்த ஆமைகள் பெரும்பாலும் நவம்பர் முதல் மார்ச் வரை முட்டையிடுகின்றன. முட்டை பொரிய 45 முதல் 60 நாள் வரை ஆவதால், குஞ்சுகளைக் காண ஏற்ற காலம் பிப்ரவரிக் கடைசியிலிருந்து ஏப்ரல் வரையிலானது. அந்தக் காலத்தில்தான் ஆமைத் திருவிழா நடக்கிறது. இதன் தேதிகள் ஒவ்வோர் ஆண்டும் முதல் கூடு எப்போது கிடைத்தது என்பதைப் பொறுத்து மாறும். ஆகவே, போன ஆண்டின் தேதியை வைத்துக்கொண்டு விடுப்பு எடுக்காமல், அந்த ஆண்டின் அறிவிப்பைப் பார்த்த பிறகே நாள் குறிக்க வேண்டும். பள்ளித் தேர்வுகள் மார்ச் மாதத்தில் வரும் வீடுகளுக்கு ஏப்ரல் முதல் வாரம் வசதியாகத் தோன்றலாம். ஆனால் பருவத்தின் கடைசியில் கூடுகள் குறைந்துவிடும், வெயிலும் கடுமையாகிவிடும் என்பதால், மார்ச் நடுப்பகுதியையே நான் பரிந்துரைப்பேன். மழைக்காலத்தில் கொங்கணம் முழுவதும் பச்சைப் பசேலென்று இருக்கும் என்றாலும், ஆமைகளும் இல்லாத, கடலும் கொந்தளிக்கும் அந்த நான்கு மாதங்கள் இந்தப் பயணத்துக்கு உரியவை அல்ல.

வார இறுதியைத் தவிர்க்க முடிந்தால் தவிர்த்துவிடுங்கள். சனி, ஞாயிறுகளில் சிறிய கரையில் நூற்றுக்கணக்கானோர் கூடிவிடுகிறார்கள். அதே காட்சியைச் செவ்வாய், புதன் கிழமைகளில் நெரிசல் இல்லாமல் காணலாம். இன்னொன்று: ஓர் இரவு மட்டும் தங்குவதாக இருந்தால் போகாமல் இருப்பதே மேல். குஞ்சு பொரிவதை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. காலை ஏழு மணி அளவிலும் மாலை ஆறு மணி அளவிலும் அன்றன்று வெளிவந்த குஞ்சுகளைக் கடலில் விடுகிறார்கள், எதுவும் வெளிவராத வேளையும் உண்டு. இரண்டு இரவு தங்கினால் இத்தகைய மூன்று அல்லது நான்கு வேளைகள் கிடைக்கும். அதற்குப் பிறகும் காணக் கிடைக்கவில்லை என்றால், அது அந்தப் பருவத்தின் நிலை என்று ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான். ஊர்க்காரர்களிடம் கோபப்படுவதில் எந்த நியாயமும் இல்லை.

குழந்தைகளுக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டியவை

போகும் முன் வீட்டில் ஒரு மாலைப் பொழுதை இதற்காக ஒதுக்குவது நல்லது, ஏனெனில் என்ன நடக்கிறது என்று தெரிந்து பார்க்கும் குழந்தைக்கும், தெரியாமல் பார்க்கும் குழந்தைக்கும் அந்தக் கரையில் கிடைக்கும் அனுபவம் வேறு வேறு.

தாய் ஆமை இரவில் கரையேறுகிறது. அலை எட்டாத உயரத்துக்கு வந்து, பின்னங்கால் துடுப்புகளால் ஒன்றரை அடி ஆழத்துக்குக் குடம் போன்ற ஒரு குழியைத் தோண்டி, அதில் ஏறத்தாழ நூறு முட்டைகளை, சில சமயம் அதற்கும் மேல், இட்டு மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடுகிறது. அதன் பிறகு அந்த முட்டைகளை அது வந்து பார்ப்பதே இல்லை. ஒடிசாவின் கஹிர்மாதாவிலும் ருஷிகுல்யாவிலும் லட்சக்கணக்கில் ஒரே நேரத்தில் கரையேறுவதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். கொங்கணத்தில் அப்படி இல்லை; இங்கே தனித்தனியாக, யாரும் அறியாமல் வந்து போகின்றன. ஆகவே தாய் ஆமையைக் காணலாம் என்ற எதிர்பார்ப்போடு போக வேண்டாம்.

காப்பாளர்கள் விடியலுக்கு முன்பே கரை நெடுக நடந்து, மணலில் பதிந்திருக்கும் தடத்தைக் கொண்டு கூட்டைக் கண்டுபிடிக்கிறார்கள். கூடு இருந்த இடத்திலேயே விட்டால் நாயும் நரியும் தோண்டித் தின்றுவிடும், பெருங்கடலேற்றம் அரித்துச் செல்லும், முட்டைக்காக மனிதர்களும் தோண்டுவார்கள் என்பதால், முட்டைகளைக் கவனமாக எடுத்து, வேலியிட்ட பொரிப்பிடத்தில் அதே ஆழத்தில், அதே வடிவக் குழியில் புதைத்துத் தேதி எழுதி வைக்கிறார்கள். பொரியும் நாள் நெருங்கியதும் ஒவ்வொரு குழியின் மேலும் ஒரு கூடையைக் கவிழ்த்து வைத்து, அடிக்கடி தூக்கிப் பார்க்கிறார்கள். மணலின் வெப்பமே குஞ்சு ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிக்கிறது: 29 பாகை செல்சியஸை ஒட்டிய ஒரு நிலைக்கு மேல் போகப் போகப் பெண் குஞ்சுகளும், கீழே இறங்க இறங்க ஆண் குஞ்சுகளும் மிகுதியாகும். ஒவ்வோர் ஆண்டும் கோடை முன்னதாகவே சுடத் தொடங்குவதைக் கண்டு கடலாமை ஆய்வாளர்கள் கவலைப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்தப் பணி 2002ஆம் ஆண்டில் தொடங்கியது. சிப்ளூணைச் சேர்ந்த சஹ்யாத்ரி நிசர்க மித்ர என்ற அமைப்பு, வெண்வயிற்றுக் கடற்கழுகைப் பற்றிய ஆய்வுக்காக இந்தக் கரைக்கு வந்தபோது ஆமை முட்டை ஓடுகளைக் கண்டு, ஊர் மக்களோடு பேசிப் பாதுகாப்பைத் தொடங்கியது. 2006இல் பிறந்த ஆமைத் திருவிழா, வெளியூர்க்காரர்களை அழைத்து, அவர்கள் தரும் பணம் ஊர் வீடுகளுக்கே சேரும்படி செய்தது. பாதுகாப்பு நிலைத்து நின்றதற்கு இந்த ஏற்பாடே அடிப்படை என்று நான் கருதுகிறேன். சென்னைக் கடற்கரையில் 1988 முதல் மாணவர்கள் இரவு நடை சென்று ஆமைக் கூடுகளைக் காத்து வருவதை அறிந்த தமிழர்களுக்கு, இங்கே நடப்பது அந்நியமாகத் தோன்றாது.

2022 ஜனவரியில் வேளாஸ் கரையில் முட்டையிட்ட ஓர் ஆமைக்குச் செயற்கைக்கோள் கருவி பொருத்திப் பிரதமா என்று பெயரிட்டார்கள். இந்தியாவின் மேற்குக் கரையில் இவ்வாறு தொடரப்பட்ட முதல் பங்குனி ஆமை அது. தெற்கே இருக்கும் குஹாகர் கரையிலிருந்து 2023இல் அதேபோல் கருவி பொருத்தி அனுப்பப்பட்ட பாகேஷ்ரீ என்ற ஆமை, கேரளத்தைக் கடந்து இலங்கையைச் சுற்றி வங்கக் கடலுக்கே போய்ச் சேர்ந்தது. அதைவிட வியப்பு, 2021இல் ஒடிசாவில் அடையாள வில்லை பொருத்தப்பட்ட ஓர் ஆமை 2025 ஜனவரியில் அதே குஹாகரில் கரையேறி முட்டையிட்டது. கிழக்குக் கரை ஆமைகள் வேறு, மேற்குக் கரை ஆமைகள் வேறு என்ற பழைய எண்ணத்தை அந்த ஓர் ஆமை அசைத்துவிட்டது. கன்னியாகுமரிக்குத் தெற்கே, நம் மீனவர்கள் போய்வரும் கடல் வழியாகவே இந்த உயிர்கள் இரு கரைகளுக்கும் இடையே பயணம் செய்கின்றன என்று குழந்தைகளிடம் வரைபடத்தைக் காட்டிச் சொல்லுங்கள்.

தங்குமிடம்

வேளாஸில் தங்கும் விடுதிகளைத் தேடுவதைவிட ஊர் வீட்டில் தங்குவதே சிறந்தது. திருவிழாக் காலத்தில் பல வீடுகள் விருந்தினரை ஏற்கின்றன. தொலைபேசியில் பேசி, எத்தனை பேர், பெரியவர்கள் யார், கழிப்பறை வீட்டுக்குள்ளா வெளியிலா, கட்டில் உண்டா தரைப் படுக்கையா என்பதையெல்லாம் முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும். முட்டி வலி உள்ள பெற்றோரை அழைத்துச் செல்பவர்கள் இந்தக் கேள்விகளைக் கூச்சப்படாமல் கேட்க வேண்டும். பல வீடுகளில் ஒரே பெரிய கூடத்தில் பாய் விரித்து எல்லோரும் படுக்கும் ஏற்பாடுதான் இருக்கும். குளிர்சாதன அறையை எதிர்பார்ப்பவர்கள் ஆற்றின் அக்கரையில் உள்ள ஹரிஹரேஷ்வரில் தங்கிக்கொண்டு வந்து போகலாம், ஆனால் விடியற்காலைக் காட்சிக்கு நேரத்தில் வந்து சேர்வது கடினம்.

சாப்பாடு பெரும்பாலும் சைவம். அரிசி மாவு ரொட்டியான பாக்கரி, கொள்ளு மாவில் செய்யும் குளித் பிட்லே, பருவம் இருந்தால் பிஞ்சுப் பலாக் கறி, தேங்காய்ப்பாலும் கோகம் என்ற புளிப்புப் பழமும் கலந்த சோல்கடி என்ற பானம், கேட்டுக்கொண்டால் நம் பூரணக் கொழுக்கட்டையின் உடன்பிறப்பான உகடிச்சே மோதக் என்று எல்லாம் அரிசியும் தேங்காயும் சார்ந்தவை என்பதால், தமிழ் நாக்குக்கு எந்தச் சிரமமும் இருக்காது. மீன் வேண்டுமென்றே கடற்கரைக்குப் போகிறவர்கள் அதைத் தெற்கே உள்ள மீன்பிடி ஊரான ஹர்ணையில் வைத்துக்கொள்ளலாம். தங்கும் வீட்டில் கேட்டு வற்புறுத்துவது முறையல்ல. காப்பி இல்லாமல் இருக்க முடியாதவர்கள் பொடியையும் வடிகட்டியையும் கையோடு கொண்டு போவது நல்லது, ஏனென்றால் அங்கே எங்கும் சாயாதான். வீட்டுப் பெண்மணியைக் காகு என்றும் பெரியவரைக் காகா என்றும் அழைத்து, தெரிந்த அளவு மராத்தியில் பேசினால், மும்பையில் இத்தனை ஆண்டு வாழ்ந்ததன் பலன் அந்தச் சமையலறையில் உடனே தெரியும்.

போகும் வழி

வரைபடத்தில் வேளாஸ் என்று தேடினால் இரண்டு ஊர்கள் வரும். ஒன்று ராய்கட் மாவட்டத்தில் திவேஆகருக்கு அருகே உள்ளது. ஆமைத் திருவிழா நடப்பது ரத்னகிரி மாவட்டத்து வேளாஸ். மண்டண்கட் என்ற வட்டத்தின் பெயரையும் சேர்த்துத் தேடினால் குழப்பம் நேராது.

காரில் போகிறவர்கள் விடியற்காலை ஐந்து மணிக்கு முன்பே கிளம்ப வேண்டும். சயான், தாராவி, மாட்டுங்கா பக்கம் இருப்பவர்கள் சிவ்ரியில் ஏறி, 2024 ஜனவரியில் திறக்கப்பட்ட ஏறக்குறைய 22 கிலோமீட்டர் நீளக் கடற்பாலமான அடல் சேது வழியாகப் போகலாம். சுங்கக் கட்டணம் உண்டு, இரு சக்கர வண்டிகளுக்கு அனுமதி இல்லை. செம்பூர், முலுண்ட் பக்கத்தவர்களுக்கு வாஷி, பன்வேல் வழியே வசதி. அதன் பிறகு பேண், நாகோட்டணே, கோலாட் வழியாக மும்பை–கோவா நெடுஞ்சாலையில் மாண்காவ் வரை செல்ல வேண்டும். பல ஆண்டுகளாக அகலப்படுத்தப்பட்டு வரும் இந்தச் சாலையில் திடீர்த் திருப்பங்களும் மாற்றுப் பாதைகளும் வரும் என்பதால், இருட்டில் வேகம் கூடாது. மாண்காவ் கடைத்தெரு வார இறுதியில் மணிக்கணக்கில் அடைத்துக்கொள்ளும். காலை ஒன்பது மணிக்குள் அதைக் கடந்துவிட்டால் பாதிப் பயணம் முடிந்தது போல. பெட்ரோலையும் ரொக்கப் பணத்தையும் மாண்காவிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். கிராமத்தில் பங்க் இருக்கும், ஏடிஎம் இருக்கும், கைப்பேசியில் பணம் அனுப்பிவிடலாம் என்றெல்லாம் நம்பிப் போகக் கூடாது, கைப்பேசிச் சிக்னலே வந்து வந்து போகும்.

மாண்காவில் வலப்பக்கம் பிரிந்து மஸ்ளா வழியே மலைப்பாதையில் ஹரிஹரேஷ்வர்ப் பக்கம் வந்தால், சாவித்திரிக் கரையில் பாக்மாண்ட்லா படகுத்துறை இருக்கிறது. கார், பைக், ஆட்கள் எல்லாவற்றையும் ஒரே படகில் ஏற்றி எதிர்க்கரையான வேஸ்விக்குக் கொண்டு விடுகிறார்கள். மகாபலேஷ்வர் மலையில் பிறந்து வரும் ஆறு கடலோடு கலக்கும் அகன்ற நீர்ப்பரப்பைக் கடக்கும் அந்தச் சிறு பயணம், குழந்தைகளுக்கு இந்த வழியின் சிறந்த பகுதியாக இருக்கும். வேஸ்வியிலிருந்து பாண்கோட் வழியே வேளாஸ் அருகில்தான். படகு இரவெல்லாம் ஓடாது என்பதால், அன்றைய கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்பதைத் தங்கும் வீட்டாரிடம் முந்தைய நாளே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். படகைத் தவறவிட்டால் ஆம்பேட் பாலம், மண்டண்கட் வழியாகச் சுற்றி வர நேரும்.

கார் இல்லாதவர்கள், மும்பை சென்ட்ரலிலிருந்தோ போரிவலியிலிருந்தோ புறப்படும் எஸ்.டி. (மாநில அரசுப் போக்குவரத்து) பஸ்ஸில் ஸ்ரீவர்தன் வரை போய், அங்கிருந்து ஆட்டோவிலோ உள்ளூர்ப் பஸ்ஸிலோ படகுத்துறையை அடையலாம். கொங்கண ரயிலில் வருபவர்களுக்கு மாண்காவ் நிலையம் பயன்படும், திவா–சாவந்த்வாடி ரயில் அங்கே நிற்கும். அக்கரையில் வண்டி கிடைப்பது அரிது என்பதால், வேஸ்வியிலிருந்து ஊருக்கு ஒரு ரிக்‌ஷாவை ஏற்பாடு செய்யும்படி தங்கும் வீட்டாரையே கேட்டுக்கொள்வது புத்திசாலித்தனம்.

கரையில் நடந்துகொள்ளும் முறை

அறிவித்த நேரத்துக்கு அரை மணி முன்பே கரைக்குப் போய்விடுங்கள். ஊரிலிருந்து கரைக்குச் சிறிது தூரம் நடக்க வேண்டும், மணலில் முதியவர்களுக்கு நேரம் பிடிக்கும். கயிறு கட்டிய எல்லைக்கு வெளியே, கடலுக்கும் குஞ்சுகளுக்கும் நடுவே யாரும் இல்லாதபடி அமர்ந்திருக்க வேண்டும். காப்பாளர் கூடையிலிருந்து குஞ்சுகளை ஈர மணலில் விடுவார், தண்ணீரில் நேராக விடுவதில்லை. அந்தச் சில அடி மணலைத் தானாக ஊர்ந்து கடப்பது குஞ்சின் உடலுக்குத் தேவை என்றும், அந்தக் கரையின் அடையாளம் அதன் நினைவில் பதிய அது உதவலாம் என்றும் கருதப்படுகிறது. ஆகவே திரும்பி நிற்கும் குஞ்சைத் தூக்கித் தண்ணீரில் போட்டு உதவி செய்ய யாருக்கும் உரிமை இல்லை. இந்த ஆமை 1972ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பது. தொடுவதும் கையில் வைத்துப் படம் எடுப்பதும் சட்டப்படியே குற்றம்.

கேமராவின் ஃபிளாஷை முழுவதுமாக அணைத்துவிடுங்கள். வெளிச்சமான தொடுவானத்தை நோக்கிப் போவதே குஞ்சின் இயல்பு. கடல் அல்லாத திசையில் ஒளி தெரிந்தால் அது வழி தவறிவிடும். இதே காரணத்தால் இரவில் டார்ச்சுடன் கரையில் உலாவுவதும், தீ மூட்டுவதும், பாட்டுப் போடுவதும் கூடவே கூடாது, ஏனெனில் கரையேற வரும் தாய் ஆமை திரும்பிப் போய்விடும். மணலில் கார் ஓட்டுவது இவை எல்லாவற்றையும்விடக் கொடியது: காப்பாளர் கண்ணில் படாத ஒரு கூடு சக்கரத்தின் அடியில் இருக்கலாம். ஆயிரம் குஞ்சுகளில் ஒன்றே வளர்ந்து பெரிதாகும் என்பது ஆய்வாளர்கள் பொதுவாகச் சொல்லும் மதிப்பீடு. அந்த ஒன்றை நம் கவனக்குறைவால் இழக்கலாகாது.

கடலேற்ற இறக்கத்தைப் பற்றித் தமிழர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. சென்னையிலோ தூத்துக்குடியிலோ திருச்செந்தூரிலோ கடல் ஏறி இறங்குவது ஏறத்தாழ ஒரு மீட்டர் அளவே, ஆகவே அலையை மட்டும் பார்த்து நாம் பழகியிருக்கிறோம். மும்பைக் கடலில் அமாவாசை, பௌர்ணமி நாட்களில் இந்த வேறுபாடு நான்கு மீட்டரையும் தாண்டும், கொங்கணக் கரை நெடுகிலும் ஏற்றம் வலுவானது. மதியம் நடந்து போன பாறை மாலையில் தண்ணீருக்கு அடியில் இருக்கும். ஆற்று முகத்துவாரத்தை ஒட்டிய கரை என்பதால் நீரோட்டமும் உண்டு, உயிர்காப்பாளர்களை எதிர்பார்க்க முடியாது. கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கடலேற்ற அட்டவணையை அன்றாடம் பார்ப்பதை இந்தப் பயணத்தின் பழக்கமாக்குங்கள்.

காலைக்கும் மாலைக்கும் இடையே

நடுப்பகலில் கரையில் நிழல் கிடையாது, ஆகவே அந்த நேரத்தைச் சுற்றுவட்டாரத்துக்குக் கொடுக்கலாம். ஊருக்குள்ளேயே, பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மராட்டிய அரசின் விவகாரங்களைத் தன் மதியூகத்தால் நடத்திச் சென்ற நானா பட்னவீஸின் பூர்வீக ஊர் இது என்பதற்கான நினைவுகளும், தோப்புக்குள் அமைந்த பழைய கோயிலும் உள்ளன.

பாண்கோட் கோட்டைக்குக் காலைக் காட்சி முடிந்ததும் போய்விடுவது நல்லது. சாவித்திரி முகத்துவாரத்துக்கு மேலே, செம்புரைக்கல்லால் கட்டிய இந்தச் சிறு கோட்டை, ஆற்றின் வழியே உள்நாட்டுக்குச் செல்லும் வணிகத்தைக் கண்காணிக்கும் இடத்தில் நிற்கிறது. 1755இல் மராட்டியக் கடற்படைத் தலைவர்களான ஆங்கரே குடும்பத்தின் கையிலிருந்து ஆங்கிலேயருக்குப் போய், அடுத்த ஆண்டு உடன்படிக்கையில் அவர்களிடமே நிலைத்து, ஃபோர்ட் விக்டோரியா என்று பெயர் பெற்றது. மதில் மேலிருந்து பார்த்தால் ஆறு, கடல், எதிர்க்கரையின் ஹரிஹரேஷ்வர் மலை மூன்றும் ஒரே பார்வையில் விழும்.

ஹரிஹரேஷ்வரை வரும்போதோ திரும்பும்போதோ சேர்த்துக்கொள்ளலாம். தென்காசி என்று அங்குள்ளவர்கள் போற்றும் இந்தச் சிவத்தலத்தில், முதலில் காலபைரவரை வணங்கி, பிறகு ஹரிஹரேஷ்வரரைக் கண்டு, மீண்டும் பைரவரிடம் வருவது வழக்கம். கோயிலுக்குப் பின்னால், அலைகள் குடைந்த பாறைகளை ஒட்டிச் செல்லும் பிரதட்சிணப் பாதை மிக அழகானது. ஆனால் அது கடல் இறங்கியிருக்கும்போது மட்டுமே நடக்கத் தக்கது. அங்கே அலையில் அடித்துச் செல்லப்பட்டவர்கள் உண்டு என்பதால், எவ்வளவு பக்தி இருந்தாலும் ஏற்ற நேரத்தில் இறங்க வேண்டாம். அருகிலுள்ள ஸ்ரீவர்தன், 1713இல் மராட்டிய அரசின் முதலமைச்சரான பேஷ்வா ஆன பாலாஜி விஷ்வநாத்தின் ஊர். 2020 ஜூன் 3 அன்று கரைகடந்த நிசர்கா புயலில் இந்தப் பகுதியின் கமுகுத் தோப்புகள் பெருமளவு சாய்ந்தன. புதிதாக நட்ட கன்றுகள் பலன் தரப் பல ஆண்டுகள் பிடிக்கும் என்பதால், பாக்கோ தேங்காயோ கோகமோ வாங்குவதாக இருந்தால் இங்குள்ள தோட்டக்காரர்களிடமே வாங்குங்கள்.

மூன்றாம் நாள் கையில் இருப்பவர்கள் தெற்கே கேள்ஷி, ஆஞ்சர்லே வழியாக ஹர்ணைக்குப் போகலாம். ஆஞ்சர்லேயில் குன்றின் மேல் இருக்கும் கணபதி கோயிலிலிருந்து கடலும் தென்னைகளும் தெரியும் காட்சிக்காகவே ஏறலாம், அந்தக் கரையிலும் ஆமைப் பாதுகாப்பு நடக்கிறது. ஹர்ணையில் மாலையில் படகுகள் கரைசேர்ந்ததும் மணலிலேயே மீன் ஏலம் நடக்கும், எதிரே கடலுக்குள் சுவர்ணதுர்க் கோட்டை நிற்கும்.

எடுத்துச் செல்ல வேண்டியவையும் திரும்புதலும்

வழக்கமான மருந்துகளைக் குறைவில்லாமல் எடுத்துக்கொள்ளுங்கள், பெரிய மருத்துவ உதவிக்கு மண்டண்கட்டுக்கோ தாபோலிக்கோதான் போக வேண்டும். தொப்பி, பருத்தி ஆடை, கொசுவிரட்டி, மணலில் நடக்கத் தக்க செருப்பு, மின்சாரம் போனால் உதவும் பவர் பேங்க் ஆகியவை போதும். தண்ணீர்ப் புட்டிகளையும் தின்பண்ட உறைகளையும் ஊரில் போடாமல், பையில் கட்டி மும்பைக்கே திருப்பிக் கொண்டுவாருங்கள். அத்தகைய சிற்றூரில் குப்பை கடைசியில் கடலுக்குத்தான் போகும்.

கிளம்பும் நாளில் காலைக் காட்சியைப் பார்த்துவிட்டு, சிற்றுண்டி முடித்துப் பத்து மணிக்குள் வேஸ்வி படகுத்துறைக்கு வந்துவிட்டால், மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு மாண்காவைக் கடந்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமை மாலை வரை தங்கியவர்கள் அன்று இரவே திரும்ப முயல வேண்டாம். கோவா, தாபோலி, ஸ்ரீவர்தன் வண்டிகள் எல்லாம் மாண்காவிலும் பேணிலும் ஒன்றுசேர்ந்து நிற்கும் நேரம் அது. திங்கட்கிழமை முதல் படகைப் பிடிப்பதே உடலுக்கும் மனதுக்கும் நல்லது, அதற்கேற்ப அலுவலகத்தில் அரை நாள் விடுப்பை முன்பே சொல்லி வைத்துவிடுங்கள்.